கண்ணாடிப் பக்கம், பீங்கான் பக்கம்

காவாந்தண்டலத்தில் ஆதிலட்சுமி இன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னால், நாளை விடியும்போது முப்பது பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நிற்பார்கள். நடவுக்கு ஆள் சேர்ப்பதுதான் அவள் வேலை. சொந்தமாக இருந்த ஒன்றரை ஏக்கரைக் கணவன் முத்துவேல் பார்த்துக்கொண்டான். சுற்றுப்பட்ட ஊர்களில் யார் வீட்டில் காய்ச்சல், யார் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் எவளையும் எவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வயது நாற்பத்திரண்டு. அவள் சிரித்தால் நாலு கழனி தள்ளிக் கேட்கும்.

அப்படிப்பட்டவள் 2001ஆம் வருஷக் கோடையில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் ஆட ஆரம்பித்திருந்தன. வெறும் இட்லியைக்கூட முன்பல்லால் கொறித்து விழுங்க வேண்டியிருந்தது. ஈறிலிருந்து கசிவு வேறு. பேசினால் எதிரே நிற்பவர்கள் முகத்தைத் திருப்புகிறார்களோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம்.

"புடுங்கிப் போட்டுட்டு வாயேன்மே. கஞ்சி குடிச்சிக்கினு நிம்மதியா கீலாம்" என்றான் முத்துவேல்.

"யோவ், இந்த வயசுல எனக்குக் கஞ்சியா? மொதல்ல நீ குடி, பாக்கலாம்."

அந்த மே மாதம் உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் ஒரு பல் மருத்துவ முகாம் போட்டார்கள். சென்னை சாலையில் இருந்த ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். ஆதிலட்சுமியின் வாயைப் பார்த்தவள் சுதா என்ற இளம் டாக்டர். மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள், ஒல்லியான உடம்பு, மூக்கில் நிற்காத கண்ணாடி. மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து, பக்கத்தில் இருந்தவளிடம் மில்லிமீட்டர் கணக்கில் சொன்னாள். "வலது ஏழு. இடது ஏழு." சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. ஆதிலட்சுமிக்கு எரிச்சலாகிவிட்டது.

"இன்னாம்மா, என் பல்லு போவுது, உனுக்கு சிரிப்பு வருதா?"

சுதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்து, பல்லின் ஓரமாகக் குழி விழுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் குழி விழுவது அபூர்வம். அந்தக் குழியைச் சுத்தம் செய்து ஒரு தூளை நிரப்பித் தைத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு எலும்பு திரும்ப வளர வாய்ப்பு உண்டு. தூளில் இரண்டு வகை. ஒன்று கொஞ்ச காலமாகப் புழக்கத்தில் இருப்பது, இன்னொன்று புதிது. ஒரே ஆளின் வாயில் ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் அதையும் வைத்துப் பார்த்தால், எது மேல் என்று தெரிந்துவிடும். இதற்காக இருபது பேரைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது மாதம் வந்து போக வேண்டியிருக்கும்.

"எலும்புத் தூளா? மாட்டுதா, மனுசனுதா?"

"எலும்பே கிடையாதும்மா. பழையது பீங்கான் மாதிரி ஒரு பொருள். புதுசு கண்ணாடி மாதிரி."

"ஆவலன்னா?"

"தெரியாதும்மா. ஆய்வுக்கூடத்துல, பிராணிகள்ல எல்லாம் பார்த்தாச்சு, கெடுதல் இல்லை. ஆனா உங்க வாயில எவ்வளவு வளரும்னு எனக்குத் தெரியாது. வளரலன்னா அப்படியே உங்ககிட்ட சொல்லிடுவேன், வழக்கமா பண்ற வைத்தியத்தைப் பண்ணுவோம். நடுவுல எப்ப வேணும்னாலும் போதும்னு சொல்லிட்டு நீங்க போயிடலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ஆதிலட்சுமி அவளையே பார்த்தாள். "இத்தினி வயசுல ஒரு டாக்டரு வாயால தெரியாதுன்ற வார்த்தைய இப்பத்தான் கேக்கறேன். எங்க கையெய்த்து போடணும், காட்டு" என்றாள்.

ஜூன் மாதம் இரண்டு பக்கமும் அறுவை முடிந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. உள்ளே எதையோ சுரண்டும் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. எந்தப் பக்கம் எந்தத் தூள் என்று சுதாவுக்கே தெரியாது. ஒரே மாதிரி இரண்டு குப்பிகளில் போட்டுக் கொடுத்து, விவரத்தைக் கவரில் வைத்து ஒட்டிவிட்டார் அவளுடைய பேராசிரியர் சாமுவேல். ஒன்பது மாதம் கழித்துத்தான் அது பிரிக்கப்படும்.

இந்தச் சேதி காவாந்தண்டலத்துக்குப் போதாதா! நாற்று பிடுங்குகிற இடத்தில் இதே பேச்சு. அவளுடைய ஒரு கன்னம் கண்ணாடிப் பக்கம், மறு கன்னம் பீங்கான் பக்கம். எது எது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வலது பக்க வீக்கம் இரண்டு நாள் முன்னாடியே வடிந்ததால் வலதுதான் கண்ணாடி என்று ஆதிலட்சுமி அடித்துச் சொன்னாள். முத்துவேல், அவள் எதைச் சொன்னாலும் எதிர்ப்பக்கம் நிற்பவன், இடதுதான் என்றான்.

"உனுக்கு இன்னாய்யா தெரியும்?"

"நீ என்னியத் திட்டறப்ப எடது பக்கந்தான் கோணுது. அங்கதான் புது சரக்கு கீது."

தையல் பிரிக்க, சுத்தம் செய்ய என்று முதல் இரண்டு மாதம் அடிக்கடி கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. புதன்கிழமைதான் இந்த இருபது பேருக்கும் நாள். ஈறு சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. பஸ் ஏறி வந்து இரண்டு மணி நேரம் அந்த பெஞ்சில் காத்திருக்கும்போது ஆதிலட்சுமியால் சும்மா உட்கார முடியுமா? திருப்புட்குழியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சேட்டு, பெருநகர் பால்வாடியில் சமையல் செய்யும் மார்த்தாள் என்று ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்துப் பிடித்தாள். பெஞ்சில் உட்காராமல் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்ற ஒருவரையும் விடவில்லை. அவர் பெயர் சுப்பன். பெருநகர் எல்லையில் இருந்த இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும்.

"இன்னாத்துக்கு நின்னுக்கினு கீறீங்க? குந்துங்க. எடம் கீது."

அவர் கொஞ்சம் யோசித்து, பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் வாயிலிருந்து பேச்சு ஊற்றாகக் கிளம்பியது. "வரப்புல எலிப் பொந்து எங்க கீது, எத்தினி முழம் போவுதுன்னு குச்சி வுட்டுப் பாக்கறது என் தொயிலு. இங்க வந்தா அந்த டாக்டரம்மா என் வாயில குச்சி வுட்டு பொந்த அளக்குது" என்றார். ஆதிலட்சுமி சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

செப்டம்பரில் மூன்றாம் மாத அளவு எடுத்தபோதே பற்கள் ஆடுவது குறைந்திருந்தது. டிசம்பரில் ஆறாம் மாத அளவுக்குப் போன புதன்கிழமை, பெஞ்சில் ஆதிலட்சுமியையும் சேர்த்து ஒன்பதே பேர் இருந்தார்கள். ஆதிலட்சுமியின் முறை வந்து உள்ளே போனாள். அளவெடுத்துவிட்டு, "ஏழு இருந்தது நாலரை ஆயிருக்கு. ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சுதா சொன்னாள். சொன்ன குரலில் நல்லது எதுவும் இல்லை. கண் சிவந்திருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"இருபது பேர்ல ஒன்பது பேர்தான் இந்தத் தடவை வந்திருக்கீங்க. பல்லு கெட்டியானதும் எல்லாரும் நின்னுட்டாங்க. கார்டு போட்டேன், திரும்பவும் போட்டேன். மார்ச்சுல கடைசி அளவு. அதுக்கும் வரலன்னா இத்தனை நாள் பண்ணது எதுக்கும் ஆகாது. எது நல்ல தூள்னு சொல்லவே முடியாது."

"கார்டுல எந்தத் தேதி போட்ட?"

சுதா சொன்னாள். ஆதிலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏரி ரொம்பி கீது. ஊர் முச்சூடும் நாத்து வுட்டுக்கினு கீறாங்க. இப்ப கூப்ட்டா எவன் வருவான்? நானே முப்பது பேருகிட்ட ஏச்சு வாங்கிக்கினு வந்து கீறேன். வராதவங்க பேரச் சொல்லு, நா இட்டாறேன்."

சுதாவின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. நோயாளிகளின் பெயரை வெளியாளிடம் கொடுக்கக்கூடாது என்பது விதி. பேராசிரியர் சாமுவேலிடமே போய்க் கேட்டார்கள். வெள்ளை மீசைக்காரர், எதையும் நிதானமாகக் கேட்பவர்.

"பட்டியல் தரக்கூடாதும்மா" என்றார்.

"எனக்கு இன்னாத்துக்கு சார் பட்டியலு?" என்று ஆதிலட்சுமி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "திருப்புட்குழி சேட்டு, சைக்கிள் கடை. பெருநகர் மார்த்தாள், பால்வாடி. சுப்பண்ணா…" பெயர், ஊர், தொழில், எத்தனை பிள்ளைகள், எந்தப் பல் என்று ஒன்பது பேரைச் சொல்லி நிறுத்தினாள். "மீதி ரெண்டு பேரு காஞ்சிவரம் டவுனு. அவங்க என்கிட்ட பேசல."

சாமுவேல் சுதாவைப் பார்த்தார். "அவங்க தலைக்குள்ள இருக்கிற பட்டியலை நாம எப்படிம்மா வாங்கி வைக்கிறது?" என்றார். பிறகு ஆதிலட்சுமியிடம், "ஒண்ணு மட்டும். கட்டாயப்படுத்தக் கூடாது. வரலன்னு சொன்னா விட்டுடணும்" என்றார்.

"நடவுக்கு ஆள் சேக்கறவ சார் நானு. கட்டாயப்படுத்தி இட்டாந்தா நாத்து கோணலாத்தான் போவும்."

கடைசி அளவுக்கு எந்த நாள் என்பதை அவளே சொன்னாள். மாசி மாதத்தின் கடைசிப் புதன். கரும்பு வெட்டு ஓயும், அறுப்பு தொடங்கியிருக்காது. தை பிறந்ததும் வேலைக்கு நடுவில் ஊர் ஊராகப் போனாள்.

சேட்டு தன் கடையில் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டே, "வலி இல்ல, ஆடல. இன்னாத்துக்கு வரணும்?" என்றான்.

"புதுசா ஒரு சொலுசன் வாங்கி பஞ்சர் ஒட்டறே. அது நின்னுதா புட்டுக்கிச்சான்னு பாக்காம அத்தயே அடுத்த சைக்கிளுக்குப் போடுவியா?"

சேட்டு டயரைக் கீழே வைத்தான். "எந்த புதன்?" என்று கேட்டான்.

மார்த்தாளுக்குப் பயம். கடைசித் தடவை போனால் திறந்து பார்ப்பார்கள் என்று யாரோ கிளப்பி விட்டிருந்தார்கள். "அறுக்கறது கிடியாது, கம்பி வுட்டு அளந்து, ஒரு போட்டோ புடிச்சி அனுப்பிடுவாங்க" என்று ஆதிலட்சுமி இரண்டு முறை போய்ச் சொன்ன பிறகு தேறினாள். ஒருவர் மட்டும் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாசி பிறந்தபோது ஏழு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சுப்பன் ஒருவர்தான் பாக்கி.

குடியிருப்பில் அவர் மனைவி கங்கம்மாள் இருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கிறார் என்றாள். பல் டாக்டர் பேச்சை எடுத்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "அவராண்டயே கேட்டுக்கம்மா" என்று மட்டும் சொன்னாள். ஆதிலட்சுமி செய்யாற்று மணலில் இறங்கி, கணுக்கால் அளவு ஓடிய தண்ணீரைக் கடந்து தோட்டத்தைத் தேடிப் பிடித்தாள். சுப்பன் வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"இன்னா சுப்பண்ணா, எங்களையெல்லாம் மறந்துட்டீங்களா?"

"மறக்கலம்மா. ரெண்டு தபா வந்தேன்."

ஆதிலட்சுமிக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். கார்த்திகை மழையில் வீடு ஒழுகி, கல்லூரியில் கொடுத்திருந்த மஞ்சள் நோயாளி அட்டை நனைந்து கூழாகிவிட்டது. டிசம்பரில் போனபோது, அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று கேட்டில் இருந்த ஆள் சொல்லிவிட்டான். எதிரே புளியமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த புதனும் போனார். அதே ஆள், அதே பேச்சு. "டாக்டரம்மா பேரச் சொன்னேன். நீ யாருடான்னு கேட்டான். அப்பால போவல."

வராதவர்கள் எல்லோரும் வேலை மும்முரத்தில் இருக்கிறார்கள் என்று ஆதிலட்சுமிதான் சுதாவிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அந்த பெஞ்சில் தான் உட்கார்ந்திருந்த நேரத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் இவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"இன்னொரு தபா வருவீங்களா? வாணாம்னா வாணாம். நா பேஜார் பண்ண மாட்டேன்."

சுப்பன் ஒரு கரும்பைச் சீவி அவளிடம் நீட்டினார். "அந்தப் பொண்ணு என் பேர் சொல்லி, வாங்க போங்கன்னு கூப்ட்டு வைத்தியம் பாத்துது. அதுக்கோசரம் வறேன்" என்றார்.

பெருநகர் கடைத்தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன் செய்து ஆதிலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். "அந்தப் புதன் நானே கேட்டுல நிக்கறேன்" என்றாள் சுதா.

அந்தப் புதன் வந்தது. ஆதிலட்சுமியின் தம்பி வீராசாமி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அக்காவின் கூட்டத்தை ஏற்றிக்கொண்டான். வழியில் ஓட்டலில் நாஷ்டா. வேனுக்குள் ஒரே கூச்சல்: யார் யாருக்கு எந்தப் பக்கம் கண்ணாடி என்று. சேட்டு தனக்கு இரண்டு பக்கமும் கண்ணாடிதான், டாக்டர் ஏமாற்றுகிறார் என்றான். மார்த்தாள் வழி நெடுக ஜெபம் செய்துகொண்டே வந்தாள். நடுநடுவே கண்ணைத் திறந்து, தனக்கு வலது என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

கேட்டில் சுதா நின்றிருந்தாள். கையில் புது மஞ்சள் அட்டை, அதில் பெரிய எழுத்தில் சுப்பன் என்று பெயர். வேன் கதவு திறந்ததும் நேராக அவரிடம் போய், "மன்னிச்சிடுங்க ஐயா. எங்க தப்பு" என்று சொல்லி இரண்டு கையாலும் கொடுத்தாள். அன்றைக்குத் தடுத்த அதே கேட்காரர் எழுந்து நின்றார். சாமுவேல் சார் அவரிடம் என்ன பேசினாரோ, அதன் பிறகு அட்டை இல்லாமல் வந்தவர்கள் பெயரை அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வர ஆரம்பித்தார்.

காஞ்சிவரம் டவுன்காரர்கள் இருவரும் சுதா போட்ட புதுக் கார்டைப் பார்த்து வந்திருந்தார்கள். மாலை மூன்று மணிக்குள் பத்தொன்பது வாயும் அளந்தாகிவிட்டது. அந்த வாயெல்லாம் வராந்தாவை விட்டு நகர மறுத்துவிட்டன. கவரைப் பிரிக்காமல் யாரும் பஸ் ஏறப் போவதில்லை என்று தெரிந்ததும் பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "கணக்கெல்லாம் போட்டு முடிவு சொல்ல ஒரு மாசம் ஆகும். ஆனா அளவு முடிஞ்சுபோச்சு, இனிமே அவங்கவங்க பக்கத்தைத் தெரிஞ்சுக்கறதுல கெடுதல் இல்லை" என்று கவரைக் கிழித்தார். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, அவரவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினாள் சுதா. ஜூனில் எடுத்த படத்தில் பல்லின் ஓரம் கறுப்பாக ஒரு கிணறு. இப்போது எடுத்ததில் அந்தக் கிணறு வெள்ளையாகத் தூர்ந்திருந்தது.

"இது என்னுதா? நா வளத்ததா?" ஆதிலட்சுமி படத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"நீங்க வளர்த்ததுதான். ரெண்டு பக்கமும் மூணுதான் இப்ப. எலும்பு மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் கூட வளர்ந்திருக்கு. இடது பக்கம். அதுதான் கண்ணாடி."

"எடதா!"

அவள் போட்ட கூச்சலைக் கேட்டு வராந்தாவே சிரித்தது. ஊருக்குத் திரும்பியபின் ஒரு வாரம் முத்துவேலை அடக்க முடியவில்லை. எருமை வாங்க வந்தவனிடம்கூட, தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து மொத்த முடிவும் வந்தது. பத்தொன்பது பேருக்கும் இரண்டு பக்கமும் எலும்பு வளர்ந்திருந்தது. பதிமூன்று பேருக்குக் கண்ணாடிப் பக்கம் கூடுதலாக. சுதாவின் ஆய்வு தேறியது. புத்தகமாகக் கட்டியபின் அதைத் தூக்கிக்கொண்டு காவாந்தண்டலத்துக்கே வந்து, நன்றி சொல்லும் பக்கத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வாசித்தாள். யார் பெயரும் அதில் போடக்கூடாதாம். "புதன்கிழமை பெஞ்சுக்காரர்களுக்கு" என்று எழுதியிருந்தாள்.

அந்த வருஷமே பேராசிரியருக்கு அடுத்த ஆய்வு வந்தது. இந்த முறை நாற்பது பேர். ஆதிலட்சுமிக்கு ஆள் அனுப்பினார். மேசைமேல் அடுத்த வருஷக் காலண்டரை விரித்து, "எந்தெந்தப் புதன் ஆகாதுன்னு நீங்களே அடிச்சிடுங்க" என்று பேனாவைக் கொடுத்தார். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அவள் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். வைகாசியில் ஒரு புதனை மட்டும் வட்டம் போட்டாள்.

"அன்னிக்கு என்னம்மா, அறுப்பா?"

"என் பொண்ணு தேவிக்குக் கண்ணாலம் சார். அன்னிக்கு நீங்க பல்லு பாக்க வாணாம், எல்லாரும் சாப்ட வந்துடுங்க."

வந்தார்கள். சாமுவேல் சார், சுதா, சேட்டு, மார்த்தாள், சுப்பனும் கங்கம்மாளும் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். முத்துவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு வந்து, சுப்பனின் இலைக்குமுன் குனிந்து, "இன்னும் ரெண்டு கரண்டி வுடட்டுமா?" என்று கேட்டான். "வுடு நைனா, வுடு" என்றார் சுப்பன்.